அந்த ஃபைல் யாருக்கெல்லாம் திறக்கும்?

கேள்வி: வெளியிலிருந்து ஒரு ஃப்ரீலான்ஸர் இரண்டு வார வேலைக்கு வருகிறார். ஃபிக்மாவில் (பலர் சேர்ந்து திரைகளை வடிவமைக்கும் இணையக் கருவி) அவரை டீமிலேயே சேர்த்துவிடலாமா?

வேண்டாம். டீம் அளவில் கொடுக்கும் எடிட் அனுமதி, அதன் கீழே இருக்கும் ப்ராஜெக்ட், ஃபைல் எல்லாவற்றுக்கும் இறங்கும். அப்புறம் ஒரே ஒரு ஃபைலில் மட்டும் 'பார்க்க மட்டும்' என்று மாற்றினாலும் பலன் இருக்காது. மேலிருந்து வந்த அனுமதி, கீழே கொடுத்த அனுமதி இரண்டில் எது பெரியதோ அதுதான் செல்லும். அவர் தொட வேண்டிய ஃபைலுக்கு மட்டும் அழைப்பு அனுப்புங்கள். ஃபைல்கள் அதிகம் என்றால், அவற்றைத் தனி ப்ராஜெக்டில் போட்டு அதற்கு மட்டும் அழையுங்கள்.

கேள்வி: எங்கள் டிசைனர் வேலையை விட்டுப் போகிறார். முக்கியமான ஃபைல் அவருடைய டிராஃப்டில், அதாவது அவருக்கே உரிய தனி இடத்தில், கிடக்கிறது. என்ன செய்வது?

அவர் போகும் முன் செய்யுங்கள், இன்றைக்கே. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே கதைதான். போனவர் தன் சொந்த மின்னஞ்சலில் கணக்கு வைத்திருந்தார். ஃபைல் அவர் டிராஃப்டில் இருந்தது. எங்களிடம் இருந்ததோ பார்வை லிங்க் மட்டும். அவரைத் தேடிப் பிடித்து, அவர் மனம் வைத்து மாற்றிக் கொடுக்கும் வரை மூன்று பேர் திரைகளைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப வரைந்துகொண்டிருந்தோம். அந்த நாட்களை இன்னும் மறக்க முடியவில்லை.

வரிசை முக்கியம். முதலில் அவரோடு உட்கார்ந்து டிராஃப்டில் உள்ளதை எல்லாம் டீம் ப்ராஜெக்டுக்கு நகர்த்துங்கள். டீம் உரிமை அவர் பெயரில் இருந்தால் அதையும் அவர் கையாலேயே மாற்றி வாங்குங்கள். நீக்குவது அதற்குப் பிறகுதான். அவர் பகிர்ந்து வைத்த லிங்க்குகளையும் ஒருமுறை பாருங்கள். ஆளை நீக்கினாலும் 'லிங்க் உள்ள எவரும்' என்று திறந்து வைத்த ஃபைல் திறந்தேதான் இருக்கும்.

கேள்வி: எத்தனை நிர்வாகிகள் வைக்கலாம்?

இரண்டு பேர். ஒருவர் விடுப்பில் போனால் வேலை நிற்கக் கூடாது. எல்லோரையும் நிர்வாகி ஆக்கினால் யார் எதை மாற்றினார்கள் என்றே தெரியாது.

கேள்வி: வாடிக்கையாளர் கருத்து சொல்ல எடிட் அனுமதி கேட்கிறார். கொடுக்கலாமா?

தேவையே இல்லை. ஃபிக்மாவில் பார்வை அனுமதி உள்ளவரே கமென்ட் போடலாம். ஷேர் சாளரத்தைத் திறந்து லிங்க் அமைப்பைப் பாருங்கள். அங்கே 'எடிட்' என்று இருந்தால், லிங்க் கைமாறிப் போய்ச் சேரும் யாரும் கை வைக்கலாம். அதைப் 'பார்க்க மட்டும்' என்று மாற்றிவிட்டு, அந்த லிங்க்கை இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பாருங்கள். கணக்கில் நுழையாமல் லிங்க்கைத் திறப்பவர் பார்ப்பது எதுவோ அதையே நீங்களும் பார்ப்பீர்கள். பார்ப்பவர்கள் நகல் எடுப்பதைத் தடுக்கும் வசதி கட்டணத் திட்டங்களில் உண்டு.

கேள்வி: யாரோ பட்டன் காம்பொனென்டை (பல திரைகளில் திரும்பத் திரும்பப் பயன்படும் மூல வடிவத்தை) மாற்றிவிட்டார்கள். பழையபடி வருமா?

வரும். வெர்ஷன் ஹிஸ்டரியில் மாற்றத்துக்கு முந்தைய பதிப்பைத் திறந்து மீட்டெடுங்கள். இலவசத் திட்டத்தில் 30 நாள் வரைதான் பின்னோக்கிப் போக முடியும், தள்ளிப்போடாதீர்கள். இப்படி மறுபடி நடக்காமல் இருக்க, லைப்ரரியை, அதாவது எல்லோரும் பயன்படுத்தும் காம்பொனென்ட்களின் தொகுப்பை, தனி ஃபைலாக வைத்து, அதைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் எடிட் கொடுங்கள். டீம் அளவிலேயே எடிட் உள்ளவர்களுக்கு அது தடையாகாது என்பதால், அந்த ஃபைலை அழைப்பு உள்ளவர்கள் மட்டும் நுழையும் ப்ராஜெக்டில் வையுங்கள்.