கவர் வாங்காவிட்டால் குப்பையை எதில் கட்டுவது?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர் இருக்கிறோம். வீட்டில் ஏழெட்டு துணிப்பை இருக்கிறது. ஆனாலும் காய்கறிக்காரர் கவரில் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். மறுநாள் குப்பையை அதில்தானே கட்டிக் கொடுக்க வேண்டும்? கவரே வாங்காவிட்டால் குப்பையை எதில் போடுவது? 'மக்கும் கவர்' என்று விற்கிறார்களே, அதை வாங்கலாமா? வீட்டில் இதைப் பேசினால், 'நாம ஒரு வீடு மாறினா ஊரே மாறிடுமா' என்கிறார்கள்."

உங்கள் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. பல வருடங்களாக வீடு வீடாகப் போய்க் குப்பையைப் பிரிக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். துணிப்பையைப் பற்றிப் பேசினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "அப்போ குப்பையை எதில் கட்டுவது?" என்று வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் முக்கால்வாசி வீடுகளில் கவர் ஒழியாததற்குக் காரணமே இந்தக் கேள்விதான்.

தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைக்குத் தடை உண்டு. அரசாணை 2018 ஜூனில் வந்தது, 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. கேரி பேக்கைப் பொறுத்தவரை எந்த அளவாக இருந்தாலும், எவ்வளவு தடிமனாக இருந்தாலும் தடைதான். "இது 120 மைக்ரான், தடை இல்லாத கவர்" என்று கடைக்காரர் சொன்னால் அது மத்திய அரசு விதியில் வரும் கணக்கு; நம் மாநிலத்தில் அது செல்லாது. அப்புறம் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம்கூட வைத்தார்கள். எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் மஞ்சப்பை கடைக்குப் போய் வரத்தான் உதவும். வாங்கி வந்ததைச் சமைத்து, சாப்பிட்டு, மிச்சத்தை வாசலுக்குக் கொண்டுபோகிற வேலைக்குக் கவர்தான் இன்னும் இருக்கிறது. அந்த இடத்தைக் காலி செய்யாமல் கடையில் "கவர் வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது. அதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை.

சரி, குப்பைக்குக் கவர் எதற்கு? ஒரு நாள் உங்கள் குப்பைக் கூடையை பேப்பர் விரித்துக் கொட்டிப் பாருங்கள். காய்கறித் தோல், கறிவேப்பிலை, டீத்தூள், வடித்தும் வடிக்காத மிச்சச் சோறு, சாம்பாரில் ஒதுக்கிய புளிச்சக்கை, முட்டை ஓடு. பாதிக்கு மேல் இதுதான் இருக்கும். மீதி பால் பாக்கெட், பிஸ்கட் உறை, மருந்து அட்டை, காகிதம், தலைமுடி. முதல் வகையிலிருந்து தண்ணீர் வடிகிறது, நாறுகிறது, எறும்பு வருகிறது. அந்த ஈரத்தை மறைக்கத்தான் கவர் வேண்டியிருக்கிறது. இரண்டாவது வகையைத் தனியாக வைத்தால் ஒரு பழைய அரிசிச் சாக்கே போதும். பத்து நாள் ஆனாலும் நாறாது. ஈரத்தைத் தனியாகப் பிரித்துவிட்டால் கவருக்கு வேலை இல்லை.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிய, வார்டில் குப்பை பிரிக்கும் கொட்டகையில் நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஒரு தூய்மைப் பணியாளர் அக்கா, கறுப்புக் கவர் ஒன்றை எடுத்தார். வாயை இரண்டு முடிச்சாக இறுக்கிக் கட்டியிருந்தது. ஈரத்தில் முடிச்சு வழுக்கியதால் அவிழ்க்க முடியவில்லை. விரலை விட்டுக் கிழித்தார். புளித்த சோறு கையில் வழிந்தது. உள்ளே நாலு பால் பாக்கெட் சோற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்கடியில் செய்தித்தாளில்கூடச் சுற்றாத நாப்கின். இன்னும் கீழே உடைந்த கண்ணாடி டம்ளரின் துண்டு ஒன்று. அன்றைக்கு அவர் விரல் தப்பியது. "கட்டிக் குடுத்தா சுத்தம்னு நினைக்கிறாங்க சார்" என்றார், அவ்வளவுதான். அந்தப் பால் பாக்கெட்டுகள் கழுவிக் காய்ந்து வந்திருந்தால் காயலான் கடையில் காசு. சோறு தனியாக வந்திருந்தால் உரம். ஒரே கவரில் கட்டியதால் எல்லாமே குப்பைமேட்டுக்குப் போகிற கழிவு ஆகிவிட்டது. அதே கவரைத் தெருமுனையில் வீசியிருந்தால் மாடு வந்து சோற்று வாசனைக்கு முடிச்சோடு விழுங்கியிருக்கும். மாட்டின் வயிற்றில் பிளாஸ்டிக் செரிக்காது, வெளியேறவும் செய்யாது. பந்து மாதிரி திரண்டு நின்றுவிடும்.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். சமையலறையில் மூடி போட்ட சின்ன வாளி ஒன்று, ஈரத்துக்கு மட்டும். அடியில் பழைய செய்தித்தாளை இரண்டாக மடித்துப் போடுங்கள், மேலே கொஞ்சம் காய்ந்த இலை அல்லது தென்னைநார்த் தூள். குழம்பு, ரசம் மிச்சத்தை அப்படியே கொட்டாதீர்கள். பழைய வடிகட்டி ஒன்றைப் பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே வைத்து வடித்துவிட்டுச் சக்கையை மட்டும் போடுங்கள். நாற்றத்தில் பெரும்பங்கு இந்தத் தண்ணீரால் வருவதுதான். தினமும் காலையில் வண்டி வரும்போது வாளியோடு போய்க் கவிழ்த்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். மொத்தமே இரண்டு நிமிட வேலை. முதல் வாரம் கை கூசும். பத்தாவது நாள் பாத்திரம் கழுவுகிற மாதிரி ஆகிவிடும்.

உலர்ந்ததைச் சாக்கில் சேருங்கள். பால் பாக்கெட் வெட்டும்போது மூலையை முழுசாக வெட்டி எடுக்காமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறிவிடுங்கள். வெட்டி விழுகிற அந்த நகம் அளவு துண்டை யாராலும் பொறுக்க முடியாது, சாக்கடைக்குத்தான் போகும். பாக்கெட்டை அலசி ஜன்னல் கம்பியில் ஒரு கிளிப் போட்டுக் காயவையுங்கள். நாப்கின், டயாபர் எல்லாம் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்துத் தனியாகக் கொடுங்கள். உடைந்த கண்ணாடி, பிளேடு, பழைய பேட்டரி, காலாவதியான மாத்திரை இதெல்லாம் ஒரு டப்பாவில் சேரட்டும். அது நிரம்ப மாதக் கணக்காகும்.

"நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். சில தெருக்களில் அது உண்மை. எனக்கும் அதில் கோபம் உண்டு. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை என்று வந்துவிட்டது. பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுபோவது உள்ளாட்சியின் கடமை. உங்கள் தெருவில் அப்படி நடந்தால் வண்டியில் வரும் பணியாளரிடம் சண்டை போடாதீர்கள். அவரிடம் இரண்டு தொட்டி இல்லாமல் இருக்கலாம். வார்டு கவுன்சிலரிடமோ சுகாதார ஆய்வாளரிடமோ தெருக்காரர்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்கள். அதற்குள் முடிந்தால் ஈரத்தை வீட்டிலேயே உரமாக்கிவிடுங்கள். அப்படிச் செய்தால் வண்டியில் கலந்துபோக உங்கள் வீட்டுச் சோறு இருக்காது.

உரம் போடப் பெரிய இடம் வேண்டாம். பழைய பெயிண்ட் வாளி இரண்டு, சுற்றிலும் அடியிலும் ஆணியால் போட்ட ஓட்டைகள். ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை அல்லது தென்னைநார்த் தூள் போட்டு மூடுங்கள். தொடக்கத்தில் ஒரு கை சாணமோ ஒரு டம்ளர் புளித்த மோரோ தெளித்தால் சீக்கிரம் பிடிக்கும். நாறினால் ஈரம் அதிகம், இலை போடுங்கள். எறும்பு மொய்த்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். கொழுத்த புழு நெளிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது உங்கள் வேலையைத்தான் செய்கிறது. மீன் முள், கறி எலும்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒரு வாளி நிறைந்ததும் அடுத்ததற்கு மாறினால், இரண்டு மாதத்தில் முதல் வாளி மண் வாசனை அடிக்கும்.

மக்கும் கவர் கேட்டிருந்தீர்கள். உண்மையான மக்கும் கவரில் தயாரிப்பாளர் பெயரும் சான்றிதழ் எண்ணும் அச்சாகி இருக்கும். அதுவும் முழுசாக மக்க, பெரிய உரக்கூடங்களில் இருக்கும் 50, 60 டிகிரி சூடு பல வாரங்கள் வேண்டும். உங்கள் மாடி வாளியிலோ சாக்கடையிலோ அது சொன்னபடி மக்காது. எண் இல்லாமல் பச்சை நிறத்தில் இலை படம் மட்டும் போட்டு விற்பவை பெரும்பாலும் சாதாரண பாலிதீன்தான். துணிக்கடையில் தருகிற மெத்தென்ற பை இன்னொரு ஏமாற்று. துணி மாதிரி இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடாது. பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி அழுத்தியது அது. பேப்பர் கப்பும் அப்படியே. ஒரு கப்பை ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் பிள்ளைகளை விட்டு உரிக்கச் சொல்லுங்கள். காகிதம் கூழாகிக் கழன்ற பிறகு, கப் வடிவத்திலேயே ஒரு பிளாஸ்டிக் தோல் கையில் நிற்கும். ஆயிரம் சொல்வதைவிட அதைப் பார்த்த பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். இந்த இரண்டுமே 2018 அரசாணையின் தடைப் பட்டியலில் இருக்கின்றன.

அதற்காகப் புதுசு புதுசாகத் துணிப்பை வாங்கவும் வேண்டாம். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதல் கணக்கில் மட்டும் பார்த்தால், ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்தினால்தான் ஒரே தடவை பயன்படுத்தி எறியும் மெல்லிய கவருக்கு ஈடாகும். பருத்தி விளையத் தண்ணீர், உரம், மின்சாரம் எல்லாம் போகிறதே. வடிகால் அடைப்பதும் மாடு விழுங்குவதும் அந்தக் கணக்கில் வரவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்களிடம் இருக்கும் ஏழெட்டு பை பத்து வருடத்துக்குப் போதும். பையை மறக்காமல் இருக்க ஒரே வழி, அதை வீட்டில் வைக்காதீர்கள்: ஒன்று வண்டி சீட்டுக்கு அடியில், ஒன்று கணவரின் ஆபீஸ் பையில், ஒன்று உங்கள் கைப்பையில். மீன், கறி, இட்லி மாவுக்கு எவர்சில்வர் தூக்கு. டப்பாவை முதலில் தராசில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்கச் சொல்லுங்கள். மீன்காரம்மா இரண்டாவது தடவையிலிருந்து கேட்காமலே செய்வார்.

இப்போது மாமியார். அவருக்கு நீங்கள் கற்றுக்கொடுக்கப் போகாதீர்கள், அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் சின்ன வயதில் கொல்லைப்புறத்தில் எருக்குழி இருந்ததா, அதில் என்னென்ன போட்டார்கள், எப்போது வயலுக்கு அள்ளினார்கள் என்று கேளுங்கள். அந்தத் தலைமுறை குப்பையை வீசிய இடத்தில் மண் வளர்ந்தது, ஏனென்றால் வீசியதெல்லாம் மக்கியது. வீசும் கை அப்படியேதான் இருக்கிறது, கையில் இருக்கும் பொருள்தான் மாறிவிட்டது. நான் போன பல வீடுகளில் உரவாளியைக் கடைசியில் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர் பாட்டிதான்.

ஒரு வீடு மாறினால் ஊர் மாறுமா என்பதற்கு, நீலகிரியைப் பாருங்கள். மாநிலத் தடைக்குச் சுமார் இருபது வருடம் முன்பே, சுப்ரியா சாகு ஆட்சியராக இருந்தபோது அங்கே கேரி பேக்குக்குத் தடை வந்தது. அதே மாவட்டத்தில் 2022-இல் உயர் நீதிமன்றம் சொன்னபடி, டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தந்துவிடும் திட்டம் தொடங்கியது. காட்டில் உடைந்து யானையின் காலைக் கிழித்துக்கொண்டிருந்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. குடித்தவரின் மனசு மாறியிருக்க வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை, பாட்டிலுக்கு ஒரு மதிப்பு வந்ததே போதும். அயர்லாந்து 2002-இல் கவருக்கு 15 சென்ட் வரி போட்டதும் அங்கே கவர் உபயோகம் 90 சதவீதம் அளவுக்கு விழுந்தது. மெல்லிய கவருக்கு அந்த மதிப்புதான் இல்லை. ஒரு கிலோ சேர்க்க இருநூறு கவராவது பொறுக்க வேண்டும், அழுக்காக இருந்தால் எடைக்கடையில் வாங்கவும் மாட்டார்கள். அதனால்தான் தெருவில் தண்ணீர் பாட்டில் கிடந்தால் யாராவது எடுத்துவிடுகிறார்கள், கவர் மட்டும் கிடக்கிறது. ஆகவே கடையிலேயே வாங்காமல் விடுவதுதான் வழி, அதை ஒவ்வொரு வீடாகத்தான் செய்ய முடியும். தினம் இரண்டு கவர் என்று வைத்தால் உங்கள் வீடு மட்டும் வருடத்துக்கு எழுநூற்றுச் சொச்சம் கவரைத் தெருவுக்கு வராமல் தடுக்கிறது. கணவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் கவருக்குள் கவராகத் திணித்த மூட்டை ஒன்று ஆணியில் கட்டாயம் தொங்கும். அதைத் தீர்த்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று குப்பை கட்டப் பயன்படுத்தாதீர்கள், எரிக்கவும் செய்யாதீர்கள். சுத்தமாக இருப்பதில் பத்தை மழைக்கு எடுத்து வையுங்கள், மிச்சத்தை அழுக்குப் படாமல் ஒரே கட்டாகக் கட்டி, உலர்ந்த குப்பைச் சாக்கோடு இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அந்த ஆணியில் துணிப்பையை மாட்டுங்கள்.