ஒலிம்பிக் டார்ச் மெயிலா? பயப்பட வேண்டாம்

வணக்கம் சார். மயிலாப்பூர் சித்தப்பா உங்களுக்கு அனுப்பிய ‘ஒலிம்பிக் டார்ச்’ வைரஸ் எச்சரிக்கை 2006 முதல் சுற்றும் புரளி. மெயிலில் வரும் இணைப்பைத் திறந்தால் கணினியின் சி டிரைவ், அதாவது முக்கியச் சேமிப்பகம், முழுக்க எரிந்துவிடுமாம்! “மைக்ரோசாஃப்ட் சொன்னது, மருந்தே கிடையாது, தெரிந்த எல்லோருக்கும் அனுப்பு” என்கிறதே, அந்தக் கடைசி வரிதான் காட்டிக்கொடுக்கிறது. நிஜ எச்சரிக்கை நிறுவனத்தின் தளத்திலேயே தேதியோடு இருக்கும். உங்களைத் தபால்காரர் ஆக்காது.

கோப்பை அழிக்கச் சொன்னால் இன்னும் உஷார். 2002இல் இப்படித்தான் கரடி பொம்மை ஐகான் போட்ட ஒரு கோப்பை வைரஸ் என்று நம்பி, வேளச்சேரி வீட்டில் நானே அழித்தேன். அது விண்டோஸோடு வந்த, ஜாவா என்ற நிரல்மொழி சம்பந்தப்பட்ட கோப்பு. நல்லவேளை, சேதமில்லை. அப்புறம், நானும் அந்த எச்சரிக்கையை அனுப்பியிருந்த 30 பேருக்கு மன்னிப்பு மெயில் போட்டதுதான் கொடுமை!

சித்தப்பாவிடம் தனியாகப் போனில் சொல்லுங்கள், குடும்பக் குரூப்பில் வேண்டாம்.