சங்கம் இல்லாத விமான நிறுவனத்தில் சம்பளம் குறைவா?

கேள்வி: அமெரிக்காவின் டெல்டா நிறுவனத்தில் விமானப் பணிப்பெண்களுக்கும் பிற கேபின் ஊழியர்களுக்கும் தொழிற்சங்கம் இல்லை, ஆனாலும், சங்கம் உள்ள நிறுவனங்களைவிட அவர்களுக்குச் சம்பளம் குறைவில்லை என்கிறார்கள். அப்படியானால் சங்கத்தால் என்ன பயன்?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் உண்மை. பயணிகள் ஏறி அமரும் நேரத்துக்கும் ஊதியம் உண்டு என்று 2022-இல் அறிவித்த முதல் பெரிய அமெரிக்க விமான நிறுவனம் டெல்டாதான். அதுவரை விமானத்தின் கதவு மூடிய பிறகே கேபின் ஊழியர்களின் ஊதியக் கணக்கு தொடங்கியது. சங்கம் உள்ள அமெரிக்கன் ஏர்லைன்ஸில் இந்த உரிமை 2024 ஒப்பந்தத்தில்தான் வந்தது.

இந்தத் தாமதத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். 1926-ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936-இல் விமானத் துறைக்கும் விரிவாக்கப்பட்டது. அதன்படி ஊதிய ஒப்பந்தம் காலாவதி ஆவதில்லை. புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை பழையதே நீடிக்கும், இரு தரப்புக்கும் இடையே சமரசம் பேசும் அரசின் மத்தியஸ்த வாரியம் அவர்களைப் பேச்சுவார்த்தையிலிருந்து விடுவித்து மேலும் 30 நாள் கழியாமல் வேலைநிறுத்தம் செய்யவும் முடியாது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கேபின் ஊழியர்களின் ஒப்பந்தம் 2019-இல் திருத்தத்துக்கு வந்தும், உடனடியாக 20.5 சதவீதம் வரை உயர்வு தந்த புதிய ஒப்பந்தம் 2024-இல்தான் நிறைவேறியது. விலைவாசி கடுமையாக ஏறிய அந்த ஆண்டுகளைப் பழைய சம்பளத்தில் கடப்பது எளிதாக இருந்திருக்காது.

ஆனால் டெல்டாவின் தாராளம் தானாக விளைந்தது என்று நான் கருதவில்லை. 2002, 2008, 2010 என மூன்று முறை அதன் கேபின் ஊழியர்களிடையே சங்கம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பு நடந்து தோற்றது. மீண்டும் சங்கம் அமைக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்த வேளையில்தான் 2022 அறிவிப்பு வெளியானது. போட்டி நிறுவனங்களின் சங்கங்கள் பேசிப் பெறும் ஊதியமே, சங்கம் இல்லாத இடத்திலும் அளவுகோலாகிறது.

உண்மையான வேறுபாட்டை அதே டெல்டாவுக்குள்ளேயே காணலாம், ஏனெனில் அங்கு விமானிகளுக்குச் சங்கம் உண்டு. 2015-இல் நிறுவனம், சங்கம் இல்லாத ஊழியர்களின் அடிப்படைச் சம்பளத்தை 14.5 சதவீதம் உயர்த்தி, அதற்கு ஈடாக அவர்களுக்குத் தரும் இலாபப் பங்கைக் கணக்கிடும் முறையை மாற்றி அந்தப் பங்கைக் குறைத்தது. அதை ஏற்பதா என்று அவர்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. அதே ஆண்டில் இலாபப் பங்கைக் குறைக்கும் ஒப்பந்த வரைவு விமானிகள் முன் வைக்கப்பட்டபோது அவர்கள் வாக்களித்து நிராகரித்தார்கள், பழைய முறையையும் காத்துக்கொண்டார்கள். பின்னர் நிறுவனம் மற்ற ஊழியர்களையும் விமானிகளின் முறைக்கே திருப்பிக் கொண்டுவந்தது.