பாவற்காய்க் கறி கைக்கிறதா? உப்பைக் கவனியுங்கள்

தங்கச்சி, கிளிநொச்சிக்கு வந்த பிறகு அதே ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டும் பாவற்காய்க் கறி கைக்குது என்கிறீர்கள். கைப்பக்குவம் மாறவில்லை, உப்புத்தான் மாறியிருக்கிறது. தூளுப்பு ஒரு தேக்கரண்டி கிட்டத்தட்ட 6 கிராம் வரும். நீங்கள் இப்போது அள்ளுவது ஆனையிறவு உப்பளத்துக் கல்லுப்பு. கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் கரண்டியில் எடை குறையும். உப்பிலுள்ள சோடியம் நாக்கில் கைப்பை அமுக்கிவிடும். கைப்பு அடங்கினால் தேங்காய்ப்பாலின் இனிப்புத் தானாக மேலே வரும்.

எங்கள் வீட்டில் கல்லுப்பைச் சிரட்டையில் கரைத்து வைத்து, முதற்பால் விட்டபின் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவோம். உள்ளங்கையில் கறிக்குழம்பு ஒரு சொட்டு விட்டு, ஆறியபின் நக்கிப் பாருங்கள். கொதிக்கக் கொதிக்க நாக்குக்கு ஒன்றும் பிடிபடாது. கைப்புப் போகச் சீனி போடு என்று யாராவது சொன்னால் விடுங்கள், அப்புறம் அது கறியில்லை, பாயசம்.