கால் விறைப்பும் பித்தப்பையும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய டொக்டர் அவர்களுக்கு, எனக்கு 61 வயது, 16 வருடங்களாகச் சலரோகம் இருக்கிறது. பாதங்கள் விறைத்திருப்பதால், சென்ற மாதம் உப்புவெளிக் கடற்கரையில் செருப்பொன்று கழன்று விழுந்ததையே மகள் சொல்லித்தான் அறிந்தேன். வேறொரு காரணத்துக்காக வயிற்றை ஸ்கான் செய்தபோது, பித்தப்பை பெருத்து, உள்ளே பித்தச் சேறு படிந்திருக்கிறது என்றார்கள். வலி எதுவும் இல்லை. இதுவும் சீனி வருத்தத்தால் வந்ததா? தேங்காய்ப்பால் சொதியை விட்டுவிட வேண்டுமா?
– வாசகி ஒருவர், திருகோணமலை

பதில்: அம்மா, செருப்புக் கழன்றதை உங்களுக்குத் தெரியாமற் செய்த நரம்புப் பாதிப்பு பித்தப்பையையும் தொட்டிருக்கக்கூடும், ஆனால் ஸ்கானை மட்டும் வைத்து அதுதான் காரணமென்று அடித்துச் சொல்லமாட்டேன், ஏனெனில் உடற்பருமனும் இரத்தக் கொழுப்பும் வயதும்கூட இதற்குத் துணைபோகும்.

ஈரலில் ஊறும் பித்தநீரைச் செறிவாக்கிச் சேமிக்கும் பித்தப்பை, 30 முதல் 50 மில்லிலீற்றர் வரை கொள்ளும் சிறிய பை. கொழுப்புள்ள உணவு சிறுகுடலின் தொடக்கத்தை அடைந்ததும் அங்கே கொலசிஸ்டோகைனின் என்ற ஹோர்மோன் சுரக்க, அதுவும் மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பின் தூண்டலும் சேர்ந்து பையைச் சுருக்கிப் பித்தத்தைக் குடலுக்குள் தள்ளுகின்றன. நெடுங்காலம் உயர்ந்திருக்கும் சீனி, நாம் நினையாமலே உள்ளுறுப்புகளை இயக்கும் தன்னியக்க நரம்புகளைச் சிதைக்கும்போது அந்தச் சுருக்கம் தளர்கிறது. பித்தம் முழுதாக வடியாமல் தேங்கி, தடித்து, சேறாகி, சிலருக்கு நாளடைவில் கல்லாகவும் இறுகுகிறது. இரவு உண்ட இடியப்பம் விடிந்த பின்னும் வயிற்றில் அப்படியே கிடப்பதாகச் சலரோகக்காரர் சிலர் சொல்வதற்கு, இரைப்பையின் நரம்புகள் இவ்வாறே தளர்ந்திருப்பது காரணமாகலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது சேறு அன்று, வலி இல்லை என்ற வரிதான். உள்ளுறுப்புகளின் வலியை உணர்த்தும் நரம்புகளும் மந்தமாகியிருந்தால், வலது விலாவின் கீழ் எழுந்து தோள்பட்டைவரை பரவும் வழமையான வலி தெரியாமலே பித்தப்பையில் கிருமித்தொற்று முற்றிவிடலாம். சலரோகம் உள்ளவர்களிடம் இத்தொற்று கடுமையாவதும், வாயுவை உண்டாக்கும் கிருமிகள் பெருகிப் பையின் சுவரே அழுகிப்போவதும் ஏனையோரைவிட அதிகம். ஆகவே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், ஓயாத வாந்தி, கண் மஞ்சளாதல், சிறுநீர் சாயத் தேநீர் நிறத்தில் போதல், காரணமின்றிச் சீனி ஏறுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குச் சென்று, இந்த ஸ்கான் அறிக்கையைக் காட்டுங்கள்.

தொந்தரவில்லாத பித்தப்பையைச் சலரோகம் இருக்கிறது என்பதற்காகவே வெட்டியெடுக்கும் வழக்கம் முன்பு இருந்தது. இன்று அப்படிப் பரிந்துரைப்பதில்லை. சிதைந்த நரம்பு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பாது, ஆனால் சீனியைக் கட்டுக்குள் வைத்தால் சிதைவின் வேகம் குறையும். அடுத்த கிளினிக்கில் பாத விறைப்பையும் ஸ்கான் முடிவையும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டையும் தனித்தனியாகச் சொன்னால் தொடர்பு தவறிவிடும்.

சொதியை முற்றாக விடவேண்டியதில்லை. கொழுப்பே சேராத உணவில் பித்தப்பைக்குச் சுருங்க வேலையே இராது, தேக்கம் கூடும். அளவாக, முதற்பாலைக் குறைத்து வையுங்கள். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உண்ணாதிருப்பது உங்களுக்கு ஆகாது; பித்தத் தேக்கம் ஒருபுறமிருக்க, மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடவும் கூடும்.