நமீபியாவில் கூடாரப் பயணத்தின் நடுவே தலைநகர் விண்ட்ஹோக்கில் இரண்டு நாள் தங்கலாமா, நேரே எட்டோஷா தேசியப் பூங்காவுக்குப் போய்விடலாமா?

தங்கலாம் என்பதே என் பதில். ஆனால் முதல் நாளில் எதையும் சுற்றிப் பார்க்கத் திட்டமிட வேண்டாம். நமீப் பாலைவனத்துச் செஸ்ரியத்தில் ஐந்து இரவுகளைக் கூடாரத்தில் கழித்துவிட்டு, பெரும்பாலும் சரளைச் சாலையில் 300 கிலோமீட்டருக்கும் மேல் வந்து சேர்ந்த எங்களுக்கு, துணி துவைப்பதிலும் டயர்களைச் சரிபார்ப்பதிலும் மளிகை வாங்குவதிலுமே அந்த நாள் போய்விட்டது.

அன்று மாலை விடுதிக் குழாயைத் திறந்தபோதுதான் இந்த நகரத்தின் மீது எனக்கு உண்மையான ஆர்வம் பிறந்தது. பாலைவனத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று அளந்து செலவிட்டவர்கள் நாங்கள். நமீபியாவில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் வடக்கு, தெற்கு எல்லைகளில் மட்டுமே இருக்கின்றன; தலைநகரமோ நாட்டின் நடுவே, சுமார் 1,650 மீட்டர் உயர மேட்டுநிலத்தில், அவற்றிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி அமைந்திருக்கிறது. ஆகவே 1968 முதலே கொரெங்காப் நிலையத்தில் நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் குடிநீராகவே வழங்குகிறார்கள்; உலகில் இதை முதலில் செய்த நகரம் இதுதான். 2002-இல் திறக்கப்பட்ட புதிய நிலையம் ஓசோன், கரி வடிகட்டி, மென்சவ்வு எனப் பல படிகளில் நாளொன்றுக்கு 21,000 கன மீட்டர் வரை சுத்திகரிக்க வல்லது. குடித்துப் பார்த்தேன், சாதாரணத் தண்ணீர்தான்.

இரண்டாம் நாளுக்கு நடையே போதும். 1910-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட கிறிஸ்துஸ்கிர்ஹே தேவாலயம், வட கொரிய நிறுவனம் கட்டி 2014-இல் திறக்கப்பட்ட விடுதலை நினைவு அருங்காட்சியகம், ஜெர்மானியக் காலனிப் படையின் பழைய கோட்டையான ஆல்ட்டெ ஃபெஸ்டெ ஆகிய மூன்றும் அருகருகே நிற்கின்றன. கோட்டைக்கு முன்னே நின்ற ஜெர்மானியக் குதிரைவீரன் சிலை 2013-இல் அகற்றப்பட்டது. 1904 முதல் 1908 வரை அந்தப் படை ஹெரேரோ, நாமா மக்கள் மீது நடத்திய இனப்படுகொலையைப் பற்றிச் சிறிதாவது படித்துவிட்டுப் போனால்தான் அந்த வெற்றிடத்தின் பொருள் விளங்கும். போஸ்ட் ஸ்ட்ரீட்டில் தூண்களின் மேல் பொருத்தியிருக்கும் கிபியோன் இரும்பு விண்கற்களைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். கடைத்தெருவில் வேறு சிறப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பிற்பகலை நகரின் புறநகர்க் குடியிருப்பான கட்டுட்டுராவுக்கு ஒதுக்குங்கள். கறுப்பின மக்களை அவர்களுடைய பழைய குடியிருப்பிலிருந்து இங்கே இடம்பெயர்க்க முயன்றபோது எழுந்த எதிர்ப்பின் மீது 1959 டிசம்பர் 10 அன்று காவல்துறை சுட்டதில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ‘நாங்கள் வாழ விரும்பாத இடம்’ என்ற பொருள்பட ஒட்டிஹெரேரோ மொழியில் அவர்கள் வைத்த பெயரே இன்றும் நிலைத்திருக்கிறது. அங்கேயே வளர்ந்த வழிகாட்டி ஒருவருடன் சென்றால், சந்தையில் சுடச்சுடத் தரும் கப்பானா இறைச்சியையும் தயக்கமின்றிச் சாப்பிடலாம்.

மறுநாள் விடியற்காலையில் எட்டோஷாவுக்குப் புறப்படும் முன், கேன்கள் அனைத்தையும் விடுதிக் குழாயிலேயே நிரப்பிக்கொண்டோம்.