தம்பியின் வலிப்பும் அக்காவின் படிப்பும்: சோமனூர்த் தந்தைக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

மகனுக்கு டிராவே வலிப்பு நோய் என்று உறுதியான நாளிலிருந்து, பிளஸ் டூ படிக்கும் மகள் ஸ்டெம்செல் (பலவகை அணுக்களாக வளரக்கூடிய மூல அணு), ஜீன் தெரபி (மரபணு வழிச் சிகிச்சை) ஆராய்ச்சிதான் வேண்டும் என்று உறுதியாக நிற்பதாகவும், நீட் எழுதி டாக்டராவதே நல்லது என்று உறவினர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஆராய்ச்சிக்கு நீட் தேவையில்லை. ஆனால் மகள் ஆசைப்படும் வேலை எத்தகையது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஊடை நூல் அறுந்ததும் தறியை நிறுத்தும் அமைப்பு பழுதானால், தறி நிற்காமல் ஓடித் துணி பாழாகும் என்பதைத் தறிகளின் ஊரான சோமனூரில் இருக்கும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூளையிலும் மற்ற நரம்பணுக்களை அடக்கி வைக்கும் நரம்பணுக்கள் உண்டு. டிராவே நோயாளிகளில் பெரும்பாலோருக்கு எஸ்.சி.என்.1ஏ மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாகிவிடுவதால், சோடியத்தை உள்ளே விடும் புரத வாயில் போதிய அளவு உருவாவதில்லை. முதலில் சோர்வது அந்த அடக்கும் அணுக்களே; அடக்க ஆளில்லாமல் மற்றவை மிகையாகத் துடிக்கும்போது வலிப்பு வருகிறது.

உயிருள்ள குழந்தையின் மூளையிலிருந்து அணுக்களை எடுத்துச் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கு ஒரு வழி பிறந்தது: 2006-இல் ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யாமனாக்கா நான்கு மரபணுக்களைச் செலுத்தி எலியின் உடலணுக்களை ஸ்டெம்செல் நிலைக்குத் திருப்பிக் காட்டினார். மறு ஆண்டே மனித அணுக்களிலும் அது கைகூடியது. இன்று நோயாளியின் சிறிதளவு ரத்தத்திலிருந்தே, அவருடைய மரபணுப் பழுதோடு கூடிய நரம்பணுக்களை வளர்க்கிறார்கள். ஞாயிறு, பொங்கல் பாராமல் அணுக்களுக்கு இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்தை மாற்றி, மாதக்கணக்கில் காத்திருந்து, ஒரு நாள் பூஞ்சை படர்ந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டிய வேலை இது. இந்தப் பொறுமை மகளுக்கு உண்டா என்பதே என் முதல் கேள்வி; மதிப்பெண் பிறகுதான்.

ஜீன் தெரபியிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. மரபணுவைச் சுமந்து செல்லும் ஏ.ஏ.வி. வைரஸில் ஏறக்குறைய 4,700 டி.என்.ஏ. எழுத்துகளே அடங்கும்; எஸ்.சி.என்.1ஏ-வில் புரதத்தை உருவாக்கும் குறிப்போ 6,000 எழுத்தளவு. ஆகவே, நன்றாக இருக்கும் மற்றொரு பிரதியைக் கூடுதலாக வேலை செய்ய வைக்கும் வழிகளை மனிதர்களிடம் சோதித்து வருகிறார்கள்.

மகள், மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களின் நுழைவுத் தேர்வான ஐ.ஏ.டி.யை எழுதட்டும். இடம் கிடைக்காவிட்டால் கோவையிலேயே பயோடெக்னாலஜி படித்து, ஜாம் அல்லது காட்-பி தேர்வு வழியாக முதுகலைக்குப் போகலாம்; கணிதத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம். பி.எச்.டி. முடிய இன்றிலிருந்து பத்து ஆண்டுகள் ஆகும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. வேலூர் சி.எம்.சி. வளாகத்து ஸ்டெம்செல் மையமும் பெங்களூருவின் ஸ்டெம்செல் ஆய்வு நிறுவனமான இன்ஸ்டெமும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் உள்ளன.

இன்னொன்று, மனம் பொறுக்காமல் எழுதுகிறேன். வலிப்புக்கு ஸ்டெம்செல் ஊசி என்று யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நெறிமுறைப்படி, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே அதைச் செய்யக் கூடாது. அப்படி ஓர் ஊசிக்காகத் தோட்டத்தை அடமானம் வைத்துவிட்டு என் முன்னால் அமர்ந்து அழுத ஒரு தகப்பனாரை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பியைக் குணப்படுத்தும் பொறுப்பை மகள் தலையில் யாரும் ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் மகளை அழைத்து வாருங்கள். தம்பியின் மரபணுப் பரிசோதனை அறிக்கையில் தமக்குப் புரியாத வரிகளை அவரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும்.